பெருந்தோட்டா ரிவால்வர்: ஈர்ப்பு எவ்வளவு, பயன் எவ்வளவு?

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 2003-இல் சந்தைக்குக் கொண்டுவந்த ‘மாடல் 500’ ரிவால்வரை மேசைமேல் வைத்துப் பார்த்தால், முதலில் திகைக்க வைப்பது அதன் பருமன். எட்டு அங்குலத்துக்கு மேல் நீண்ட குழல் கொண்ட வகை, தோட்டா போடாமலே இரண்டு கிலோவைத் தாண்டுகிறது. தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளையான சுழலி இவ்வளவு பெரிதாக இருந்தும் அதில் ஆறு அறைகளுக்கு இடமில்லை, ஐந்துதான். ஒவ்வொரு குண்டும் அரை அங்குல விட்டம். அரை அங்குலத்துக்கு மேல் துளையுள்ள ஆயுதத்தை, வேட்டைத் துப்பாக்கிகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அமெரிக்கச் சட்டம் ‘அழிவுக் கருவி’ என்று வகைப்படுத்திக் கடும் கட்டுப்பாட்டுக்குள் வைக்கிறது. ஆக, துளையின் அளவைப் பொறுத்தவரை சாதாரணக் கடையில் வாங்கக்கூடிய ரிவால்வருக்கு இதுவே எல்லை.

இதை யார் வாங்குகிறார்கள்? எதற்கு? வாங்கிய பிறகு உண்மையில் என்ன செய்கிறார்கள்? இந்தக் கேள்விகள் அமெரிக்காவுக்கு உரியவை. தமிழ் வாசகருக்கு ரிவால்வர் என்றால் சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸின் டெக்ஸ் வில்லர்தான் நினைவுக்கு வருவார். இந்தியாவில் உரிமம் பெற்றவர்களிடம் காணக்கூடியதோ கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் சிறிய .32 அங்குல ரிவால்வர் போன்றவை. எனவே பதில்களையும் அமெரிக்க வேட்டைக்காடுகளிலும் சுடுதளங்களிலும் காவல்துறைப் பதிவுகளிலும்தான் தேட வேண்டும். தேடிப் பார்த்தால் விசித்திரமான ஒரு பொதுப் போக்கு தென்படுகிறது: ஆசைப்பட்டு வலிமையை வாங்கியவர்கள், கொஞ்ச காலத்தில் அதைத் தாங்களே குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் போக்கைப் புரிந்துகொண்டால் இந்த ஆயுதத்தின் பயனும் ஈர்ப்பும் தனித்தனியே தெளிந்துவிடும்.

ஏற்றமும் இறக்கமும்

கதை 1847-இல் தொடங்குகிறது. அமெரிக்க-மெக்சிகோ போர் நடந்துகொண்டிருந்தபோது, டெக்ஸாஸ் ரேஞ்சராக இருந்த கேப்டன் சாமுவேல் வாக்கரின் யோசனைகளைக் கேட்டு சாமுவேல் கோல்ட் வடிவமைத்தது ‘வாக்கர்’ ரிவால்வர். எடை இரண்டு கிலோ. ஓர் அறைக்கு 60 கிரெயின், அதாவது ஏறக்குறைய 4 கிராம் கருமருந்து கொள்ளும். அன்றைய உலோகம் அதைத் தாங்கவில்லை. சுழலி பிளந்து பல துப்பாக்கிகள் பழுதுபார்க்கத் திரும்பின. அடுத்த ஆண்டே வந்த ‘டிராகூன்’ மாடலில் கோல்ட் சுழலியைக் குட்டையாக்கி, மருந்தின் கொள்ளளவைக் குறைத்தார். பெரிய ரிவால்வர் பிறந்த ஒரே ஆண்டில் முதல் இறக்கமும் நடந்துவிட்டது.

அடுத்த பெரிய ஏற்றத்துக்குக் காரணமானவர் எல்மர் கீத். மாட்டுப் பண்ணையில் வளர்ந்து, பின்னாளில் ஐடஹோ மாநிலத்தின் சால்மன் ஊரில் குடியேறிய வேட்டைக்காரர், எழுத்தாளர். 1925 ஜூலை 4, சுதந்திர தினக் கொண்டாட்டத்துக்காகத் தன் பழைய .45 கோல்ட் ரிவால்வரை வானத்தை நோக்கிச் சுட்டார். தோட்டாவில் அவரே அடைத்திருந்த மருந்தும் கனத்த குண்டும் அந்தத் துப்பாக்கிக்கு மிஞ்சியவை. சுழலியின் மேற்பகுதி பிய்த்துக்கொண்டு பறந்தது, கை தப்பியது. காரணத்தை ஆராய்ந்த கீத், அதே அளவு சுழலியில் .45-க்குப் பதில் .44 துளையிட்டால் அறைகளின் சுவர் தடிமன் கூடும் என்று கண்டார். அன்றுமுதல் ஏற்கெனவே இருந்த .44 ஸ்பெஷல் என்ற தோட்டாவில் கனத்த மருந்தும், தட்டை மூக்குள்ள 250 கிரெயின் ஈயக் குண்டும் வைத்துச் சுட்டு, இதைத் தொழிற்சாலையே செய்து விற்க வேண்டும் என்று முப்பது ஆண்டு எழுதிக்கொண்டிருந்தார்.

இடையில் 1935-இல் .357 மேக்னம் என்ற வலு கூடிய தோட்டா வந்தது. அதற்கான முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவருக்குப் போனது. கீத் கேட்டது நிறைவேற 1955 ஆயிற்று: ரெமிங்டன் தோட்டாவைச் செய்தது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியைச் செய்தது. அதுதான் .44 மேக்னம். தோட்டா உறையை ஸ்பெஷலைவிட மூன்று மில்லிமீட்டர் நீளமாக்கினார்கள். பழைய, பலவீனமான துப்பாக்கியில் யாரும் மறந்தும் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. ரூகர் நிறுவனத்தின் .44 மேக்னம் பிளாக்ஹாக் 1956-இல் களமிறங்கியது.

ஆனால் ‘மாடல் 29’ என்று பிறகு பெயர் பெற்ற அந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கி பதினைந்து ஆண்டு மந்தமாகத்தான் விற்றது. வாங்கியவர்களில் பலர் ஒரு பெட்டித் தோட்டாவைக்கூடத் தீர்க்காமல் விற்றுவிட்டதாக அந்தக் காலத்துத் துப்பாக்கி எழுத்தாளர்கள் கேலியாகக் குறிப்பிடுவது வழக்கம். 1971-இல் ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் அதைக் கையில் எடுத்ததும் நிலைமை தலைகீழானது. பட்டியல் விலைக்கு மேல் கொடுத்தும் கிடைக்காத சரக்கானது. இரண்டாண்டு கழித்து வந்த இரண்டாம் பாகத்தில் அதே ஹாரி, தான் போடுவது வலு குறைந்த ஸ்பெஷல் தோட்டா என்று சொல்கிறார். கட்டுப்பாடு கைக்கு வர வேண்டும் என்பதே அவர் சொல்லும் காரணம். படம் பார்த்துத் துப்பாக்கி வாங்கியவர்கள் அந்த வசனத்தை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பின் போட்டி ஓயவில்லை. டிக் கசுல் 1950-களில் உருவாக்கிய .454 கசுல் தோட்டாவுக்கு வயோமிங்கின் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் 1983-இல் ரிவால்வர் செய்தது. வயோமிங்கைச் சேர்ந்த இன்னொரு துப்பாக்கிக் கலைஞர் ஜான் லைன்பா .475, .500 அளவுகளில் தோட்டாக்களை அமைத்தார். 2003-இல் .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், 2005-இல் .460 என்று உச்சம் தொடப்பட்டது.

கைக்கு வந்து சேரும் கணக்கு

குண்டு முன்னே போகும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவும் துப்பாக்கி வழியே கையை நோக்கித் திரும்பும்.  9 மி.மீ. பிஸ்டலின் குண்டு ஏறக்குறைய 500 ஜூல் ஆற்றலோடு புறப்படுகிறது. பின்னுதை சுமார் 6 ஜூல். 1.3 கிலோ எடையுள்ள .44 மேக்னத்தில் குண்டின் ஆற்றல் 1,400 ஜூலை நெருங்குகிறது. பின்னுதை 27 ஜூல் அளவுக்கு ஏறுகிறது. .500-இல் 400 கிரெயின் குண்டு 3,200 ஜூலோடு போனால், இரண்டு கிலோத் துப்பாக்கியே கைக்கு 60 ஜூலுக்கு மேல் திருப்பித் தரும். குண்டின் ஆற்றல் ஆறரை மடங்கு கூடும்போது உதை பத்து மடங்கு கூடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எடையைக் குறைத்தால் இது இன்னும் மோசமாகும். ஸ்காண்டியம் கலந்த அலுமினியச் சட்டத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்த 329பிடி என்ற .44 மேக்னம் 700 கிராம்தான். இடுப்பில் இருப்பதே தெரியாது. முழு வலுத் தோட்டாவைச் சுட்டால் பின்னுதை 50 ஜூலைத் தொடும். சுமக்க எளியது சுடக் கொடியது என்பது இந்தத் துறையின் மாறாத விதி.

உதையின் அளவோடு அதன் திசையும் முக்கியம். குழல் கைக்கு மேலே உயரத்தில் இருப்பதால், துப்பாக்கி பின்னே வருவதோடு மேலே புரளவும் செய்கிறது. கோல்ட் பாணி வளைந்த பிடி உள்ளங்கைக்குள் உருண்டு அந்த உதையின் ஒரு பங்கைக் கரைத்துவிடும். விசையை இழுத்தாலே சுத்தியலும் பின்னே போகும் இரட்டை இயக்க ரிவால்வரின் முதுகுமேடு கட்டைவிரல் கவையில் நேராக இடிக்கும். முதல்முறை சுடுபவருக்கு அனுபவசாலிகள் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் போட்டுக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. .500 போன்றவற்றில் குழல் மேலே எழும்போது, நழுவும் பிடியை இறுக்க முயலும் விரல் தானறியாமல் விசையை மீண்டும் இழுத்து, இரண்டாவது குண்டு தலைக்கு மேலே போன சம்பவங்கள் இருக்கின்றன.

இன்னொன்று, சுழலிக்கும் குழலுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளி. தகடு நுழையும் அந்தச் சந்திலிருந்து சுடும் கணத்தில் கொதிக்கும் வாயு பக்கவாட்டில் பீறிடும். பிஸ்டல் பழக்கத்தில் கட்டைவிரலை முன்னே நீட்டிப் பிடிப்பவர் பெரிய ரிவால்வரிலும் அப்படியே பிடித்தால் சதை கிழியும். எஃகுக்கே இது தாங்காது: 1980-களின் தொடக்கத்தில் ரூகர் கொண்டுவந்த .357 மேக்ஸிமம், சுழலிக்கு மேலுள்ள பட்டையை வாயு அரித்ததால் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

யாருக்குப் பயன்பட்டது?

காவல்துறை முதலில் வலிமையை விரும்பியது. 1970 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் நியூஹால் அருகே நெடுஞ்சாலை ரோந்துக் காவலர் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின் நடந்த ஆய்வில் பயிற்சி முறையே கேள்விக்கு உள்ளாயிற்று. பயிற்சியில் மென்மையான .38, பணியில் .357 என்ற வழக்கம் கண்டிக்கப்பட்டது. துறை வலிமையை ஏற்றவில்லை. பயிற்சியிலும் பணியிலும் ஒரே .38 தோட்டா என்று முடிவெடுத்தது. ரிவால்வர் காலம் முடிந்து பிஸ்டல் வந்த பிறகும் இதே நாடகம் அரங்கேறியது. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கி மோதலுக்குப் பின் எஃப்.பி.ஐ. 10 மி.மீ. தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது; உதை அதிகம் என்று அதன் வலுவைக் குறைத்தது; குறைந்த வலுவுக்கு ஏற்பக் குட்டையான .40 தோட்டா 1990-இல் பிறந்தது. கடைசியில் 2010-களின் நடுவில் 9 மி.மீ.க்கே திரும்பிவிட்டது.

அடுத்த வாதம் கரடி. அலாஸ்கா ஆற்றங்கரையில் சால்மன் மீன் பிடிப்பவர் மார்பில் பெரிய ரிவால்வரைக் கட்டிக்கொள்வது இன்றும் காணக்கூடிய காட்சி. தூண்டிலுக்கு இரு கையும் வேண்டும். ரைஃபிள் மரத்தில் சாய்ந்து நிற்கும். பாயும் கரடிக்கு வினாடிகள் போதும். ஆகவே உடம்போடு ஒட்டியிருக்கும் ஆயுதத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் வலிமைக்கு அதே அளவு நியாயம் உண்டா? கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரேரோ குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு, அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 கரடிச் சம்பவங்களை அலசியது. கைத்துப்பாக்கி 84 சதவீதம் சம்பவங்களிலும், நீள்துப்பாக்கி 76 சதவீதத்திலும் கரடியைத் தடுத்தது. மேலோட்டமாக இது கைத்துப்பாக்கிக்கு வெற்றி. ஆனால் கையிலிருந்த துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் நேர்ந்த காயங்களில் வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. இதே குழு 2008-இல் கரடிக்கான பெப்பர் ஸ்பிரே பற்றி வெளியிட்ட ஆய்வில், பழுப்புக் கரடியின் வேண்டாத நடத்தையை ஸ்பிரே 92 சதவீதம் நிறுத்தியிருந்தது. இரு ஆய்வுகளையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியாகாது. ஸ்பிரே சம்பவங்களில் பல, பாய்ந்து வந்த கரடியைப் பற்றியவை அல்ல, மோப்பம் பிடித்து நெருங்கிய கரடியைப் பற்றியவை. இருந்தாலும், பெரிய தோட்டா இல்லாவிட்டால் பிழைக்க முடியாது என்ற நம்பிக்கைக்கு அவற்றில் ஆதாரம் இல்லை.

துறை வல்லுநர்களின் தேர்வும் இதையே காட்டுகிறது. பனிக்கரடி உலவும் கிரீன்லாந்தில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் நாய்வண்டிப் படை இடுப்பில் வைப்பது 10 மி.மீ. கிளாக் பிஸ்டல். .44-ஐவிட வலு குறைவு. ஆனால் கிடங்கில் 15 தோட்டா, அடுத்தடுத்துச் சுட உதை இடம் கொடுக்கும். 2016-இல் அலாஸ்கா வேட்டை வழிகாட்டி ஒருவர் சாதாரண 9 மி.மீ. பிஸ்டலால் பழுப்புக் கரடியை வீழ்த்தி வாடிக்கையாளர்களைக் காத்தார். அந்தத் துப்பாக்கியின் பெருமையைவிட அதைப் பிடித்திருந்த கையின் பெருமை அதிகம். .44 வைத்திருப்பவர் முதல் குண்டைத் தவறவிட்டால், கண் மீண்டும் குறிக்குத் திரும்புவதற்குள் கரடி வந்துவிடும்.

பெரிய ரிவால்வர் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் வேட்டை. இங்கே அவசரம் இல்லை. ஒரு குண்டு, நன்றாக யோசித்து, தாங்கல் வைத்து. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மான் வேட்டைக்குக் கைத்துப்பாக்கி அனுமதிக்கப்படுகிறது. கனத்த, கடின ஈயக் குண்டு வேகத்தை நம்பாமல் ஊடுருவலை நம்புகிறது. மானின் ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் வெளியேறும் நேர்த்துளை. இருந்தும் அளவு தெரிந்து பேச வேண்டும். 1895-இல் வந்த எளிய .30-30 மான் ரைஃபிள் 2,500 ஜூல் தரும்; .44 மேக்னம் அதில் பாதியைச் சற்றே தாண்டும். வலிமைதான் குறிக்கோள் என்றால் தோளில் வைத்துச் சுடும் பழைய ரைஃபிளே மலிவு. கைத்துப்பாக்கி வேட்டைக்காரர் அந்த வசதியைத் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறார். பெரும்பாலோர் நூறு மீட்டருக்கு உள்ளேயே நெருங்கிப் போக வேண்டியிருக்கும். நெருங்குவதில்தான் வேட்டையின் சுவை என்பது அவர்கள் கட்சி. கீத் தன் சுயசரிதையில், இன்னொருவர் காயப்படுத்திய மானை 600 கெஜத்தில் .44-ஆல் வீழ்த்தியதாக எழுதியது இன்றுவரை வாய்ச்சண்டைக்குத் தீனி. அது நடந்திருக்கலாம், ஆனால் யாரும் அதைப் பின்பற்ற வேண்டிய முறையாகச் சொல்வதில்லை.

நான்காவது பயன் விளையாட்டு. மெக்சிகோவில் பிறந்த உலோக நிழலுருப் போட்டியைக் கைத்துப்பாக்கிக்கு மாற்றி 1976-இல் அமெரிக்காவில் தனி அமைப்பு தொடங்கப்பட்டது. 50 மீட்டரில் கோழி, 100-இல் பன்றி, 150-இல் வான்கோழி, 200-இல் செம்மறிக் கடா. எல்லாம் எஃகுத் தகடு. பட்டால் மட்டும் போதாது, கடா சாய வேண்டும். இந்த விதிதான் வலிமைக்கு நேர்மையான காரணம் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் கனத்த தோட்டா சுடப்பட்டபோது மாடல் 29-இன் பூட்டுகள் தளர்ந்தன. நிறுவனம் உள்ளுறுப்புகளை வலுப்படுத்த நேர்ந்தது. வேட்டைக்காரர்கள் பத்து ஆண்டில் கண்டுபிடிக்காத குறையைப் போட்டிக்காரர்கள் சில பருவங்களில் வெளிக்கொண்டுவந்தார்கள்.

செலவு

9 மி.மீ. தோட்டாவின் விலையை அமெரிக்கர் சென்ட்டில் சொல்வார்; .500-இன் விலையை டாலரில். ஆகவே பெரிய ரிவால்வர் வைத்திருப்பவர் பெரும்பாலும் தோட்டாவைத் தானே அடைத்துக்கொள்பவராகிவிடுகிறார். காலி உறையைச் சேகரித்து, கழுவி, அளவுக்கு அமுக்கி, மருந்து நிறுத்து, குண்டை வைத்து, உறையின் வாயை உள்நோக்கி மடக்கி இறுக்க வேண்டும். அந்த மடிப்பு தளர்வாக இருந்தால், முதல் தோட்டாவின் உதையில் மற்ற அறைகளிலுள்ள குண்டுகள் உறையைவிட்டு முன்னே நகரும். ஒன்று சுழலிக்கு வெளியே தலைநீட்டினால் சுழலி சுற்றாது. நெருக்கடியில் ரிவால்வர் ஏமாற்றாது என்ற புகழுக்கு இது ஒரு விதிவிலக்கு. இலேசான துப்பாக்கியில்தான் இது அதிகம் நடக்கும்.

காதுக்கு 140 டெசிபல் உச்சம் ஆபத்தின் எல்லை என்பார்கள். மேக்னம் ரிவால்வர்கள் 160-ஐத் தாண்டுகின்றன. காதுக்குள் செவியடைப்பான், மேலே மூடி என்று இரண்டும் வேண்டும். கரடி வரும்போது இரண்டும் இருக்காது. மணிக்கட்டும் முழங்கையும் ஆண்டுக்கணக்கில் வாங்கும் அடி முதுமையில் வலியாகத் திரும்பும்.

எல்லாவற்றிலும் பெரிய செலவு, பழக்கக்கேடு. வெடிக்கப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், விசை விடுபடும் முன்பே மணிக்கட்டு குழலைக் கீழே அழுத்தும். இதைக் காட்டிக்கொடுக்கப் பயிற்சியாளர்கள் சுழலியில் நடுநடுவே வெற்றுத் தோட்டாவைக் கலந்து வைப்பார்கள். சுத்தியல் ‘டிக்’ என்று வெறுமனே விழும். குழல் முனை இரண்டு அங்குலம் கீழே குத்தும். பார்த்துக்கொண்டிருப்பவர் அதைச் சொல்லவே வேண்டாம். இந்தக் கோளாறு பெரிய துப்பாக்கியில் பிடித்துக்கொண்டால் சிறிய துப்பாக்கிக்கும் தொற்றும்.

பிறகு ஏன் விடாமல் சுடுகிறார்கள்?

காட்டிக்கொள்ளும் ஆசை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். சுடுதளத்தில் ஒருவர் .500-ஐ எடுத்தால் பக்கத்து மேசைகள் நின்று திரும்பிப் பார்க்கும். செல்பேசிகள் வெளியே வரும். ஆனால் பார்வையாளருக்காகச் சுடுபவர் இரண்டு பெட்டியில் ஓய்ந்துவிடுவார். அவர் விற்ற துப்பாக்கிதான் ‘அதிகம் பயன்படுத்தாதது’ என்ற குறிப்போடு கடைகளில் இரண்டாம் கையாகக் கிடைக்கிறது.

நீடித்து நிற்பவரைப் பிடித்து வைப்பது வேறு. பெரிய ரிவால்வர் எந்தத் தவறையும் மறைக்காது. பிடி அரை விரற்கடை தாழ்ந்தால் உள்ளங்கை சொல்லிவிடும். விசையை வெடுக்கென்று இழுத்தால் குறித்தாள் சொல்லிவிடும். இரட்டை இயக்கத்தில் ஐந்து கிலோ அழுத்தம் கேட்கும் விசை, சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுத்தால் இரண்டு கிலோவுக்குள் இறங்கிவிடும். இரண்டுக்கும் இரண்டு விதப் பொறுமை வேண்டும். நூறு மீட்டரில் எஃகுத் தகடு அதிரும் ஓசை குண்டு போன பிறகு தனியாக வந்து சேரும். அந்தக் காத்திருப்புக்காகவே காசு செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். தான் வார்த்த ஈயம், தான் அடைத்த மருந்து, தன் கை என்று தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரே பொறுப்பாக இருக்கும் நிறைவு இதில் உண்டு.

இன்னொரு காரணம் பொறியியலில் இருக்கிறது. அதுவே இந்த ஆயுதத்தின் உண்மையான நடைமுறைச் சிறப்பும். பிஸ்டல் இயங்க, தோட்டாவின் உதையே எரிபொருள். வலு குறைந்தால் அது சிக்கிக்கொள்ளும். ரிவால்வரைச் சுழற்றுவது சுடுபவரின் விரல். ஆகவே எவ்வளவு மென்மையான தோட்டாவும் அதில் ஓடும். .44 மேக்னத்தில் .44 ஸ்பெஷல், .357-இல் .38, .454 கசுலில் .45 கோல்ட், .460-இல் அவை இரண்டுமே பொருந்தும். கனத்த சட்டத்தில் மென்மையான தோட்டாவைச் சுட்டால் உதை தட்டிக்கொடுப்பது போலிருக்கும், குறி பிசகாது. குட்டைத் தோட்டா அறைக்குள் விட்டுச் செல்லும் கரி வளையத்தைத் துலக்காவிட்டால் நீளத் தோட்டா நுழையாது என்பது மட்டும்தான் உபத்திரவம்.

தீர்ப்பு

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் சில முடிவுகள் தெளிவாகின்றன. தற்காப்புக்கும் காவல் பணிக்கும் பெரிய ரிவால்வர் தேவையில்லை. அந்தத் துறைகளே அப்படி முடிவெடுத்துப் பல காலமாயிற்று. கரடி நாட்டில் அது பயன்படும், ஆனால் ஆண்டு முழுவதும் அதையே சுட்டுப் பழகியவருக்கு மட்டும். மற்றவருக்கு ஸ்பிரேயும் எச்சரிக்கையும் நல்லவை. நெருங்கிச் சென்று வேட்டையாடுபவருக்கும் உலோக உருவைச் சாய்ப்பவருக்கும் .44 மேக்னம், .45 கோல்ட் அளவு போதும். அதற்கு மேலுள்ள .454, .500 வகைகள், மிகப் பெரிய விலங்கைத் துரத்தும் சிலரைத் தவிர, அனுபவத்துக்காக வாங்கப்படுபவை. அது குற்றமில்லை, அதற்குக் கரடியைச் சாட்சிக்கு இழுக்காத வரை.

வாங்க நினைப்பவருக்கு நடைமுறை அளவுகோல் ஒன்று உண்டு. எந்தத் தோட்டாவின் இரண்டாவது குண்டையும் முதல் குண்டின் அருகிலேயே வைக்க முடிகிறதோ, அதுதான் அவருடைய உச்ச வரம்பு. குழலில் பொறித்திருக்கும் எண் எதுவானாலும் சரி. டிராகூன் செய்த கோல்ட்டும், ஒரே தோட்டாவுக்கு இறங்கிய கலிஃபோர்னியா ரோந்துப் படையும், 9 மி.மீ.க்குத் திரும்பிய எஃப்.பி.ஐ.யும் வெவ்வேறு காலத்தில் இந்த அளவுகோலுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். வலிமையைக் குறைத்துக்கொள்ள இடம் தரும் துப்பாக்கியாக இருப்பதால்தான் பெரிய ரிவால்வர் இன்னும் பிழைத்திருக்கிறது. அதன் முழு வலுவை மட்டுமே நம்பி வாங்குபவர் அதில் பாதியைத்தான் வாங்குகிறார்.